செத்துப்போன சட்டத்தில் 1,307 வழக்குகள்

"சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அப்புறம் என்ன?" இந்த வாக்கியத்தை நாம எல்லாருமே ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். ஒரு பெரிய தீர்ப்பு வரும், டிவியில ரெண்டு நாள் விவாதம் ஓடும், மூணாவது நாள் நாம வேற வேலையைப் பார்க்கப் போயிடுவோம். சட்டம் மாறிடுச்சுங்கிற நம்பிக்கையில.

இன்னைக்கு எபிசோட், அப்படி நாம நம்பின ஒரு சட்டத்தைப் பத்தி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ பிரிவு. சுப்ரீம் கோர்ட் இதை 2015 மார்ச் 24-ஆம் தேதி ரத்து செய்தது. முழுசா, மிச்சம் மீதி இல்லாம. அதுக்கு அப்புறமும் 11 மாநிலங்கள்ல மட்டும் அதே பிரிவுல 1,307 புது வழக்குகள் பதிவாகியிருக்குன்னு 2021-ல அதே கோர்ட் முன்னாடி ஒரு கணக்கு வந்தது. திரும்பச் சொல்றேன், பழைய வழக்குகள் இல்ல. ரத்தான பிறகு போட்ட புது வழக்குகள்.

இது எப்படி நடந்ததுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பிரிவு என்ன சொல்லிச்சுன்னு சுருக்கமா பார்த்துடலாம். 2008-ல ஐடி சட்டத்தைத் திருத்தினப்போ உள்ள வந்தது, 2009 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்தது. கம்ப்யூட்டர், போன் மூலமா யாராவது 'மிக மோசமாகப் புண்படுத்தும்' தகவல் அனுப்பினா குற்றம். பொய்னு தெரிஞ்சே, எரிச்சல் உண்டாக்குற நோக்கத்துல, அசௌகரியம் உண்டாக்குற நோக்கத்துல தொடர்ந்து அனுப்பினாலும் குற்றம். மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வாரண்ட் இல்லாமலே கைது. எரிச்சல்! நம்ம ஃபேமிலி குரூப்ல தினமும் காலையில அஞ்சு மணிக்கு வர்ற குட் மார்னிங் மெசேஜுக்கு மூணு வருஷம் கொடுக்கலாம்னு சொன்னா நமக்குச் சிரிப்பு வரும். ஆனா எரிச்சல்னா என்ன, புண்படுத்துறதுன்னா என்னன்னு அந்தச் சட்டத்துல எங்கயுமே விளக்கம் கிடையாது. அதை முடிவு பண்ணப் போறது ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கிற அதிகாரி.

2012 இந்தப் பிரிவோட உச்ச வருஷம்னு சொல்லலாம். ஏப்ரல்ல, கொல்கத்தாவுல முதல்வர் மம்தா பானர்ஜி பத்தின ஒரு கார்ட்டூனை மெயில்ல ஃபார்வர்ட் பண்ணதுக்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தர் கைதானார். அக்டோபர்ல நம்ம பக்கத்துல, புதுச்சேரியில. அப்போதைய மத்திய நிதி அமைச்சர் ப. சிதம்பரத்தோட மகன் கார்த்தி சிதம்பரம் பத்தி ட்வீட் போட்ட ஒரு சிறு தொழிலதிபரைக் கைது பண்ணாங்க. அவரோட ட்விட்டர் கணக்கைப் பின்தொடர்ந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அந்த ட்வீட்டை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கைதுதான். நவம்பர்ல, மகாராஷ்டிராவுல பால்கர். பால் தாக்கரே இறந்ததுக்கு மும்பை ஏன் மூடிக் கிடக்கணும்னு ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்ல எழுதினாங்க. அவங்க தோழி அதுக்கு ஒரு லைக் போட்டாங்க. ரெண்டு பேரும் கைது. லைக் போட்டதுக்குக் கைது! அந்த லைக் பட்டனை நாம எத்தனை தடவை யோசிக்காம அமுக்கியிருக்கோம்னு நினைச்சுப் பாருங்க.

இந்த பால்கர் கைதைப் பார்த்துட்டுத்தான் ஷ்ரேயா சிங்கால்னு ஒரு இளம் பெண் டெல்லியில பொதுநல மனு போட்டாங்க. அவங்க பேர்லதான் தீர்ப்பு இன்னைக்கும் அறியப்படுது. மனுவை எதிர்த்து வாதாட ஆரம்பிச்சது காங்கிரஸ் தலைமையிலான அரசு, எதிர்த்து முடிச்சது பாஜக தலைமையிலான அரசு. நடுவுல ஆட்சி மாறிச்சு, ஆனா 66ஏ-வைக் காப்பாத்துற விஷயத்துல மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு வரலை.

நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹின்டன் நாரிமன் அமர்வு. தீர்ப்பை எழுதியவர் நாரிமன். நூறு பக்கத்துக்கு மேல போகும். அதுல எனக்குப் பிடிச்ச பகுதி ஒண்ணு இருக்கு. 'மிக மோசமாகப் புண்படுத்தும்'ங்கிற சொல் பிரிட்டிஷ் சட்டத்துலயும் இருக்கு. அங்க இருந்து ரெண்டு வழக்கை நாரிமன் எடுத்துக்கிறார். ஒண்ணுல, ஒருத்தர் தன் தொகுதி எம்.பி. ஆபீஸுக்கு இனவெறியோட போன் மெசேஜ் விட்டுட்டே இருந்தார். கீழ் நீதிமன்றங்கள் இது அந்த அளவுக்கு மோசம் இல்லைன்னு சொல்லிச்சு, பிரபுக்கள் சபை மோசம்தான்னு சொல்லிச்சு. இன்னொண்ணுல, பனியால விமான நிலையம் மூடியிருக்கேங்கிற கடுப்புல 'குண்டு வெச்சிருவேன்'ங்கிற தொனியில ஒரு இளைஞர் ட்வீட் பண்ணார். கீழ் நீதிமன்றம் தண்டிச்சது, உயர் நீதிமன்றம் இது ஜோக்குன்னு விட்டுடுச்சு. சட்டம் படிச்சு, வருஷக்கணக்கா தீர்ப்பு சொல்லிப் பழகின நீதிபதிகளுக்கே எது குற்றம், எது குற்றம் இல்லைன்னு ஒத்த கருத்து வரலைன்னா, போன்ல டைப் பண்ற ஒரு சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்? இதுதான் தீர்ப்போட அச்சாணி. அடுத்ததா, ஒரு விஷயத்தை விவாதிக்கலாம், அதுக்காக வாதாடலாம், ஆனா வன்முறைக்குத் தூண்டினா மட்டும்தான் அரசு தலையிட முடியும்னு ஒரு கோடு போட்டது. 'நாங்க தவறா பயன்படுத்த மாட்டோம்'னு மத்திய அரசு கொடுத்த உறுதிமொழியையும் கோர்ட் ஏத்துக்கலை. அரசுகள் வரும், போகும். சட்டம் அப்படியே நிக்கும்னு பதில் சொன்னது.

சரி, நல்ல தீர்ப்பு. இனிமேதான் கதையே.

2018-ல அபினவ் சேக்ரி, அபார் குப்தான்னு ரெண்டு வழக்கறிஞர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. 66ஏ இன்னும் ஸ்டேஷன்கள்லயும் கோர்ட்கள்லயும் உயிரோட நடமாடுதுன்னு ஆதாரத்தோட காட்டினாங்க. அதுக்கு அவங்க வெச்ச பேர் 'ஜோம்பி'. இதை வெச்சு பியூசிஎல் அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2019-ல விசாரிச்சது யாருன்னா, அதே நாரிமன் அமர்வு. தான் எழுதின தீர்ப்பை யாரும் மதிக்கலைன்னு அவர்கிட்டயே வந்து சொல்றாங்க. இது உண்மையா இருந்தா அதிகாரிகள் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்னு கடுமையா எச்சரிச்சார். ஆனா பிப்ரவரியில வந்த உத்தரவு என்ன? தீர்ப்போட நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும், எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் எட்டு வாரத்துக்குள்ள அனுப்புங்க. அவங்க கீழ இருக்கிற மாவட்ட நீதிமன்றங்களுக்கும் டிஜிபிக்களுக்கும் அனுப்பட்டும். அவ்வளவுதான். அதாவது, தீர்ப்பு வந்து நாலு வருஷம் கழிச்சு, தீர்ப்பைத் தபால்ல அனுப்பச் சொல்லி இன்னொரு உத்தரவு.

2021 ஜூலையில பியூசிஎல் திரும்ப வந்தது. அப்போதான் நான் ஆரம்பத்துல சொன்ன கணக்கு. 11 மாநிலங்கள்ல தீர்ப்புக்கு அப்புறம் 1,307 புது வழக்குகள், மொத்தம் 745 வழக்குகள் மாவட்ட நீதிமன்றங்கள்ல அப்போவும் நிலுவை. அதிர்ச்சியா இருக்குன்னு சொன்னார் நாரிமன். அடுத்த மாசம் அவர் ஓய்வு பெற்றுட்டார்.

அந்த விசாரணையில மத்திய அரசோட அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் ஒரு விளக்கம் சொன்னார். இந்த எபிசோட்ல நீங்க ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கிறதா இருந்தா இதை வெச்சுக்கங்க. ஒரு பிரிவைக் கோர்ட் ரத்து பண்ணாலும், சட்டப் புத்தகத்துல அந்தப் பிரிவு அப்படியேதான் அச்சாகும். அடியில சின்ன எழுத்துல, இது ரத்து செய்யப்பட்டதுன்னு ஒரு அடிக்குறிப்பு வரும். போலீஸ்காரர் வழக்குப் பதிவு பண்றப்போ பிரிவைத்தான் பார்ப்பார், அடிக்குறிப்பைப் படிக்க மாட்டார்.

கேட்டா அலுப்பா இருக்கும், ஆனா அவர் சொன்னதுல சட்டப்படி தப்பு இல்ல. கோர்ட்டால ஒரு சட்டம் செல்லாதுன்னு அறிவிக்க முடியும். புத்தகத்துல இருந்து அந்த வரிகளை அழிக்கிற அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் இருக்கு. நாடாளுமன்றம் அழிக்கலைன்னா அது பிணமா அங்கயே கிடக்கும். 66ஏ மட்டும் இல்ல. ஆயுள் தண்டனைக் கைதி கொலை செஞ்சா கட்டாயம் மரண தண்டனைன்னு சொன்ன ஐபிசி 303-ஐ சுப்ரீம் கோர்ட் 1983-லயே ரத்து செய்தது. அது புத்தகத்துல இருந்து எப்போ போச்சு தெரியுமா? 2024 ஜூலையில, ஐபிசியே காலாவதியாகி பிஎன்எஸ் வந்தப்போ. 41 வருஷம்.

இப்போ ஒரு காவல் நிலையத்தை மனசுல கொண்டு வாங்க. ஸ்டேஷன் ரைட்டர் மேஜை. அவருக்கு முன்னாடி செல்வாக்கான ஒருத்தர் கொடுத்த புகார். 'என்னைப் பத்தி ஃபேஸ்புக்ல அசிங்கமா எழுதிட்டான்.' மேல இருந்து போன் வந்தாச்சு, எஃப்ஐஆர் போட்டாகணும். கையில பழைய பேர் ஆக்ட் புத்தகம், இல்லைன்னா போன வருஷம் இதே மாதிரி போட்ட எஃப்ஐஆர். டெல்லியில ஆங்கிலத்துல எழுதின நூறு பக்கத் தீர்ப்பை யாரும் அவருக்குத் தமிழ்ல ரெண்டு வரியா சொல்லலை. 66ஏ வசதியானது, எதை வேணாலும் அதுக்குள்ள அடக்கலாம். போட்டுட்டார். இதுல எத்தனை வழக்கு அறியாமையில போட்டது, எத்தனை தெரிஞ்சே போட்டதுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எஃப்ஐஆர் போலீஸோட முடியலையே? குற்றப்பத்திரிகையை ஒரு மாஜிஸ்திரேட் வாங்கிப் பார்க்கிறார், அரசு வழக்கறிஞர் பார்க்கிறார். அத்தனை கண்ணும் அந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போயிருக்கு. அதனால ரைட்டரை மட்டும் குறை சொல்ற விளக்கத்தை நான் ஏத்துக்க மாட்டேன்.

'சரி, கோர்ட்ல போய்ச் சொன்னா தள்ளுபடி ஆகிடுமே'ன்னு நீங்க கேட்கலாம். பெரும்பாலும் 66ஏ தனியா வராது, கூட ரெண்டு மூணு பிரிவு சேர்ந்து வரும். அந்த ஒண்ணை உருவினாலும் மிச்சம் நிக்கும். ஜாதவ்பூர் பேராசிரியரையே எடுத்துக்கங்க. 2015 தீர்ப்புக்கு அப்புறமும் அவர் வழக்கு ஓடிச்சு. 66ஏ போச்சு, அவதூறுப் பிரிவு நின்னது. அவர் முழுசா விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில. ஒரு கார்ட்டூனை ஃபார்வர்ட் பண்ணதுக்குக் கிட்டத்தட்ட 11 வருஷம் கோர்ட் வாசல். தண்டனை எதுவும் கிடைக்கலை. ஆனா 11 வருஷம்! இருபத்தி மூணு வயசுல வேலை தேடிட்டு இருக்கிற ஒருத்தருக்கு இதே நடந்தா, பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன், அரசு வேலைக்கான படிவத்துல 'உங்கள் மீது வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா'ங்கிற கட்டம், இதையெல்லாம் எப்படித் தாண்டுறது?

2022 அக்டோபர்ல அப்போதைய தலைமை நீதிபதி யு.யு. லலித் அமர்வு கொஞ்சம் கறாரா உத்தரவு போட்டது. நாட்டுல யார் மேலயும் 66ஏ-வுல வழக்கு நடத்தக் கூடாது. நிலுவையில இருக்கிற வழக்குகள்ல இருந்து அந்தப் பிரிவை எடுத்துடணும். சட்டப் புத்தகம் போடுறவங்க, இது செல்லாத பிரிவுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியுற மாதிரி சொல்லணும். அடுத்த வருஷம், ஜன் விஸ்வாஸ் சட்டம்னு பல சட்டங்களை ஒரே மூச்சுல திருத்தின ஒரு சட்டத்துல, நாடாளுமன்றம் 66ஏ-வை ஒருவழியா நீக்கிச்சு. 2023 நவம்பர் 30 முதல் அது புத்தகத்துலயும் இல்ல. எட்டரை வருஷம் ஆச்சு அதுக்கு.

ஒரு நியாயமான கேள்வியையும் பார்த்துடணும். 66ஏ-வுல போட்ட வழக்கு எல்லாமே அரசியல்வாதி கோபப்பட்டுப் போட்டது இல்ல. அதே 2012 அக்டோபர்ல, ட்விட்டர்ல தன்னை ஆபாசமா தாக்கினாங்கன்னு பாடகி சின்மயி சென்னை போலீஸ்ல கொடுத்த புகார்ல நடந்த கைதுகள்லயும் 66ஏ இருந்தது. ஆன்லைன்ல பெண்கள் வாங்குற வசவு எப்படிப்பட்டதுன்னு இதைக் கேட்டுட்டு இருக்கிற பெண்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. 66ஏ போனதால அவங்களுக்குப் பாதுகாப்பு போச்சாங்கிறது நியாயமான கவலை. ஆனா பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறது, பாலியல் தொல்லை, மிரட்டல், அந்தரங்கப் படத்தை எடுக்கிறது, பரப்புறது, இதுக்கெல்லாம் பிஎன்எஸ்லயும் ஐடி சட்டத்துலயும் தனித்தனியா பிரிவுகள் இருக்கு. அதுல குற்றம் என்னன்னு வரையறை இருக்கு. 'எரிச்சல்' மாதிரி அந்தரத்துல நிக்கலை. கேரள அரசு 2020 நவம்பர்ல, பெண்கள் மேல நடக்கிற இணையத் தாக்குதலைக் காரணமா சொல்லித்தான் 118ஏ-ன்னு ஒரு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. வேடிக்கை என்னன்னா, ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு 66ஏ கூட சேர்த்து ரத்து பண்ணது அதே கேரள போலீஸ் சட்டத்தோட 118(டி) பிரிவைத்தான். எல்லாப் பக்கமும் எதிர்ப்பு வந்து, சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க.

பிரிவு செத்தாலும் பழக்கம் வேற பிரிவைத் தேடிப் போகும். நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல, 2017 அக்டோபர்ல, கந்துவட்டிக் கொடுமையால ஒரு குடும்பமே தீக்குளிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்காக முதல்வரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் கடுமையா சாடி ஒரு கார்ட்டூன் போட்டார் கார்ட்டூனிஸ்ட் பாலா. கலெக்டர் புகார் கொடுத்தார், பாலா கைதானார். 66ஏ-தான் இல்லையே? ஐடி சட்டத்துல 67 இருக்கே, ஆபாசத்தைப் பரப்புறதுக்கான பிரிவு. அது போதும்னு எடுத்துக்கிட்டாங்க.

2021-ல நடந்த இன்னொண்ணு இன்னும் சுவாரஸ்யம். மதுரைப் பக்கம், இடதுசாரிக் கட்சியைச் சேர்ந்த 62 வயசுப் பெரியவர் ஒருத்தர் குடும்பத்தோட சிறுமலைக்குச் சுற்றுலா போனார். எடுத்த போட்டோக்களை ஃபேஸ்புக்ல போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலைப் பயணம்ங்கிற மாதிரி நக்கலா ஒரு வரி எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் அதுல நக்கலைப் பார்க்கலை. அரசுக்கு எதிரா போர் தொடுக்க ஆயத்தம் செய்ததா வழக்கு. போர்! உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த எஃப்ஐஆரை ரத்து செஞ்சு, சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் இருக்கிற உரிமையைப் பத்தி விரிவாவே எழுதினார். அந்தத் தீர்ப்பு நிறையப் பேசப்பட்டது. எனக்கு அதுல முக்கியமா படுறது வேற. போலீஸ் அவரை ரிமாண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினப்போ, வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ண மறுத்துட்டார். எதிர்ல இருந்த காகிதத்தை அவர் படிச்சார், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் அன்னைக்கு ராத்திரி ஜெயில்ல படுக்கலை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு டிசம்பர்ல வந்ததுக்கு ரொம்ப முன்னாடியே அவரைக் காப்பாத்தினது ஒரு தாலுகா கோர்ட்.

கடைசியா, இப்போதைய நிலவரம். 2025 மார்ச்ல, ஒரு கவிதை பின்னணியில ஓடுற வீடியோவை சமூக வலைதளத்துல போட்டதுக்காக காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மேல குஜராத் போலீஸ் போட்ட எஃப்ஐஆரை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள பேச்சு, எழுத்து சம்பந்தமான புகார்னா, டிஎஸ்பி அனுமதியோட 14 நாள்ல முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்க பிஎன்எஸ்எஸ் 173(3) வழி கொடுக்குது, அதைப் பயன்படுத்துங்கன்னு போலீஸுக்குச் சொன்னது. படிச்சுப் பார்த்து, புரிஞ்சுக்கிட்டு, அப்புறம் எஃப்ஐஆர் போடுங்கன்னு அர்த்தம். ஒரு எம்.பி. இதுக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் அவர் மனுவை ஏத்துக்கலை.

அதே வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி, மிஹிர் ராஜேஷ் ஷா வழக்குல இன்னொரு தீர்ப்பு. இது உங்க எல்லாருக்கும் நேரடியா பயன்படும். எந்தச் சட்டத்துல கைது பண்ணாலும், கைதுக்கான காரணத்தை எழுத்துல கொடுக்கணும், அதுவும் கைதானவருக்குப் புரியுற மொழியில. உடனே எழுதிக் கொடுக்க முடியாத சூழ்நிலைன்னா வாயால சொல்லிட்டு, மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறதுக்குக் குறைஞ்சது ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடியாவது எழுத்துல கொடுத்துடணும். கொடுக்கலைன்னா கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். உங்களுக்கோ உங்க நண்பருக்கோ தேவைப்பட்டா, தமிழ்ல எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க. கொடுக்கலைன்னா ரிமாண்ட் நேரத்துல மாஜிஸ்திரேட் கிட்ட அதை முதல்ல சொல்லுங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுடாதீங்க.

அந்தத் தீர்ப்போட முடிவுல ஒரு உத்தரவு இருக்கு. நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும், எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்பணும். 2019-ல போட்ட அதே உத்தரவு.

எஃப்ஐஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போறது எப்படி, என்ன செலவாகும், எவ்வளவு நாள் ஆகும்னு அடுத்த எபிசோட்ல ஒரு வழக்கறிஞரோட உட்கார்ந்து பேசப் போறோம். கேள்வி இருந்தா அதுக்குள்ள அனுப்புங்க.